எழுதுகோலும் அதன் தாங்கியும்

மன்னர்களின் சரித்திரத்தை எழுதியோர் பலர். கோட்டைகளுக்கும் கோயில்களுக்கும் சரித்திரங்கள் வேண்டுமளவு உண்டு. ஆனால் அச்சரித்திரங்களையெல்லாம் எழுதிய கருவிக்கே ஒரு சரித்திரம் இருக்கிறதென்பதை நினைப்போர் சிலரே. எழுதி முடிந்தபின் அக்கருவி எங்கே இளைப்பாறுகிறது, அதனைத் தாங்கும் பலகையைச் செய்தவர் யார், எந்த மரத்தால் செய்தார் என வினவுவோர் அவரினும் சிலர். மேசைமேல் கிடக்கும் ஒரு மரத்துண்டைப் பற்றி எழுதவும் படிக்கவும் என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. விடையைச் சொல்லிவிட்டே மேற்செல்வோம்.

கையால் கடைந்து செய்யப்படும் பேனாக்களுள் மிகப் பலவும் எபோனைட்டு என்னும் பொருளால் ஆனவை. எபோனைட்டாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய கெட்டி ரப்பர். நம் மலேசிய நாட்டில் அப்பேனாவுக்கு ஒரு மரத்தாங்கி செய்யப் புகுந்தால், தச்சன் கைக்கு எளிதில் எட்டுவது ரப்பர் மரத்துப் பலகையே. ஆகவே பேனா ஒரு மரத்தின் பாலிலிருந்து பிறந்தது. தாங்கி அதே இன மரத்தின் உடலிலிருந்து பிறந்தது. அம்மரத்தைக் காடு அழித்து நட்டதும், நாள்தோறும் பால் வெட்டியதும், மூத்தபின் வேறு பயிருக்கு இடம்விட்டு நின்றதும் நம் பாட்டன் பாட்டியர் கைகள். எழுத்தைத் தாங்கிய பொருள் இரண்டையும் தந்த அக்கைகளுள் பெரும்பாலானவை எழுத்தறியாதவை. இந்தச் செய்தியை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நகமே முதல் தாங்கி

தமிழரின் பழைய எழுதுகோல் எழுத்தாணி. இரும்பால் செய்த கூர்முனையும், பிடிப்பதற்கு இரும்போ வெண்கலமோ தந்தமோ ஆகிய ஒரு தண்டும் அதன் உறுப்புகள். தலையில் குமிழ் வைத்தது குண்டெழுத்தாணி. ஒரு புறம் ஏட்டை நறுக்கும் கத்தியும், மறு புறம் எழுதும் ஊசியுமாகப் பிடிக்குள் மடங்கிக் கிடப்பது மடக்கெழுத்தாணி. இக்கருவி மையில் தோய்வதில்லை. பனையோலையில் எழுத்தைக் கீறிவிட்டு, பிறகு விளக்குக் கரியையோ இலைச்சாற்றையோ தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கறுப்பு நின்று எழுத்து விளங்கும்.

மையில்லாத கருவிக்குத் தாங்கி வேண்டியதில்லை. அது உறைக்குள் போய் மடியில் இருந்தது, அல்லது ஏட்டுக் கட்டோடு சேர்ந்து கிடந்தது. எனினும் எழுதும்போது அதற்கு ஓர் அணை வேண்டும். நம் முன்னோர் அதற்கு மரத்தைத் தேடவில்லை. இடக்கையில் ஏட்டைப் பிடித்து, இடப் பெருவிரல் நகத்தை வளர்த்து, அதில் சிறு பள்ளம் வெட்டி, அப்பள்ளத்தில் எழுத்தாணியைச் சார்த்தி எழுதினர். ஏடு நகரும், எழுத்தாணி பெரிதும் நின்ற இடத்திலேயே நிற்கும். தமிழன் செய்த முதல் எழுதுகோல் தாங்கி அவனது நகமே என்று சொல்லின் மிகையாகாது. ஆனால் அந்நகத்தை வளர்த்துக்கொள்ளும் வாய்ப்பு மண்வெட்டி பிடித்தவனுக்கு ஏது? வளர்ந்த நகம் ஒருவனது கல்விக்கு மட்டும் அடையாளமாய் இருந்ததில்லை. கைவேலையினின்று அவன் பெற்ற விடுதலைக்கும் அடையாளமாய் இருந்தது. இதனை மறவாமல் மேலே செல்வோம்.

ஈரமுனை தந்த வேலை

தாங்கி என்னும் தனிப்பொருள் பிறந்ததற்குக் காரணம் மை. ஈரமான முனையை மேசைமேல் கிடத்தினால் மேசை கெடும். தாளின்மேல் கிடத்தினால் எழுதியது கெடும். அதனால் மையால் எழுதிய நாட்டார் அனைவரும் ஈரமுனைக்கு ஓர் இருப்பிடம் கண்டனர். சீனர் தூரிகையால் எழுதினர். எழுதும் இடைவேளையில் தூரிகையைச் சார்த்த, மலைச்சிகரங்கள் வரிசையாய் நிற்பது போன்ற சிறு அணையை மேசையில் வைத்தனர். வேலை முடிந்தபின் போட்டு வைக்க மூங்கிலாலும் மரத்தாலும் குடைந்த குவளையைக் கொண்டனர். பாரசீகரும் முகலாயரும் நாணற் பேனாவால் எழுதினர். அவர்கள் கண்டது கலம்தான் என்னும் நீண்ட பெட்டி. பேனாக்கள், மைக்கூடு, பேனா சீவும் கத்தி ஆகியவை அதற்குள் அடங்கும். ஐரோப்பியர் இறகாலும் பின்னர் எஃகு நிப்பாலும் எழுதினர். மைக்கூட்டையும் பேனா கிடத்தும் பள்ளத்தையும் ஒரே தட்டில் அமைத்து மேசையின் நடுவே வைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எஃகு நிப்புகள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துத் தொழிற்சாலைகளிலிருந்து உலகெங்கும் சென்றன. மலாயாத் தோட்டத்து ஆபீசு மேசைகளுக்கு வந்தது இந்த ஐரோப்பிய வழக்கமே.

நகம், அணை, குவளை, பெட்டி, தட்டு என்னும் இவ்வரிசையில் ஒரு பொதுநீதி உண்டு. கருவி எப்படி எழுதுகிறதோ அப்படியே அதன் இருப்பிடமும் அமைகிறது. அழகு பின்னர் வந்து சேர்வது. தாங்கி செய்ய விரும்புவோர் இந்நீதியை மனத்தில் கொள்ளல் நலம். இதற்கு மீண்டும் வருவோம்.

பாலிலிருந்து பேனா

இனி ரப்பருக்கு வருவோம். பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர் 1839-ஆம் ஆண்டில் அதனைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் இக்குறைகள் நீங்குவதைக் கண்டார். மெல்லிய ரப்பருக்கு நூறு பங்கில் இரண்டு மூன்று பங்கு கந்தகம் போதும். கந்தகத்தை 30, 40 பங்கு அளவுக்கு உயர்த்தி, நெடுநேரம் சூட்டில் வைத்தால் ரப்பர் மரம்போல் இறுகிவிடும். அவர் சகோதரர் நெல்சன் குட்இயர் 1851-இல் இக்கெட்டி ரப்பருக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். கறுத்து மின்னியமையால் கருங்காலி மரத்தை நினைந்து அதற்கு எபோனைட்டு எனப் பெயர் வழங்கலாயிற்று. ஆங்கிலத்தில் கருங்காலியின் பெயர் எபோனி. மரத்திலிருந்து வந்த பால், மரத்தின் பெயரையே மீண்டும் பெற்றது.

1884-ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த லூயிஸ் வாட்டர்மன் ஊற்றுப் பேனாவுக்கு ஒரு பட்டயம் பெற்றார். மை வெளியேறுகையில் காற்று உட்புகுவதற்கு நுண்ணிய வழி அமைத்ததே அவர் செய்த உபகாரம். அக்காலத்து ஊற்றுப் பேனாக்களின் உடல் எபோனைட்டே. காரணம் எளியது. அந்நாளைய மையில் இரும்புப் புளிப்பு உண்டு; அது உலோகத்தை அரிக்கும், எபோனைட்டை அரிக்காது. கடைசல் எந்திரத்தில் எபோனைட்டு நன்கு கடைபடும். திருகு மரை வெட்டினால் உதிராது. கையில் பிடித்தால் உலோகம்போல் சில்லென்று இராது. நிப்பின் அடியில் பொருந்தி மையை அளந்து விடும் சிறு கட்டைக்கு இன்றும் பல பேனா வல்லுநர் எபோனைட்டையே விரும்புகின்றனர்; மை அதன்மேல் நன்றாகப் படர்ந்து செல்லும்.

முதற்காலத்து எபோனைட்டுக்குப் பால் தந்தவை அமேசான் காட்டில் தாமாக வளர்ந்த மரங்கள். 1876-இல் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். அவற்றுள் மூவாயிரத்துக்கும் குறைவானவையே முளைத்தன. மறு ஆண்டு 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888-இல் சிங்கப்பூர்ப் பூங்காவுக்குத் தலைமையேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவித் தொடர்ந்து பால் எடுக்கும் முறையை ஆய்ந்து காட்டினார். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் என்னும் சீனர் முதல் ரப்பர்த் தோட்டம் போட்டார். 1913-ஐ ஒட்டி உலகச் சந்தையில் காட்டு ரப்பரைத் தோட்ட ரப்பர் முந்திவிட்டது. அதன்பின் உலகின் எந்த மூலையில் எபோனைட்டுப் பேனா கடையப்பட்டாலும், அதன் பால் மலாயாவிலோ இலங்கையிலோ நெதர்லாந்தியர் ஆண்ட தீவுகளிலோ வெட்டப்பட்டதாய் இருக்கவே இடம் பெரிது.

அப்பாலை வெட்டியவர் யார் என்பதை இந்த வாசகர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் முடிவுக்கு வந்தது. கங்காணி வழி ஆள்சேர்ப்பு தொடர்ந்தது. உதவிபெற்று வரும் குடியேற்றத்தை இந்திய அரசு 1938-இல் தடுத்தது. அவ்வளவு ஆண்டும் தமிழகத்துச் சிற்றூர்கள் இத்தோட்டங்களுக்கு ஆள் தந்தன. பொழுது புலருமுன் பெரட்டில் நின்று, வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையுமாதலால் இருளிலேயே நிரைக்குள் நுழைந்து, உளியால் பட்டையை ஒரு நூலளவு சீவி, மங்கில் பால் வடியக் காத்திருந்த மக்களே அவர்கள். உளி ஆழ்ந்தால் மரம் காயப்படும். காயப்பட்ட இடத்தில் பட்டை முண்டுமுண்டாய் வளரும். ஆழாவிட்டால் பால் குறையும். இவ்விரண்டுக்கும் நடுவே கையை நிறுத்தியது ஒரு கலை. அது கலை என்று அப்போது எவரும் சொல்லவில்லை.

கடைசல் பட்டறை

இந்தியாவில் பேனா செய்தொழில் வளர்ந்ததற்குச் சுதேசி இயக்கம் ஒரு காரணம். ஆந்திர நாட்டு ராஜமந்திரியில் கே. வி. ரத்னம் என்பார் உள்நாட்டிலேயே ஊற்றுப் பேனா செய்யத் தொடங்கி, காந்தியாருக்கு ஒரு பேனாவை அனுப்பினார். அது அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் குமரப்பா வழியாகச் சென்றது. 1935 ஜூலையில் காந்தியார் வார்தாவிலிருந்து நன்றி கூறிக் கடிதம் எழுதினார். இக்குமரப்பா தஞ்சையில் பிறந்த தமிழர் என்பதும், அதே 1935 ஜூலையில்தான் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார் என்பதும் நாம் நினைவிற்கொள்ளத் தக்கவை. ஒரு கரையில் நம்மவர் பேனாவைச் செய்யக் கற்றனர்; மறு கரையில் நம்மவர் அதைப் பிடிக்கக் கற்றனர்.

தமிழகத்தில் சென்னையிலும் அதனையடுத்த திருவள்ளூரிலும் எபோனைட்டுப் பேனாவைக் கடையும் பட்டறைகள் உண்டாயின. திருவள்ளூரின் ரங்கா பேனா இன்று வெளிநாட்டாரும் கேட்டு வாங்கும் பெயர். வேலை நடக்கும் முறை இது: எபோனைட்டுக் கோலை வேண்டிய நீளத்துக்கு அறுத்துக் கடைசலில் பிணைப்பர். உள்ளே துளையிட்டு மை நிற்க இடம் செய்வர். உடலுக்கும் மூடிக்கும் பொருந்துமாறு மரை வெட்டுவர். புறத்தைச் சீவி, அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, இறுதியில் மெருகிடுவர். அளவெல்லாம் கண்ணும் விரலும் காண்பவை. அதனால் ஒரே கை ஒரே நாளில் செய்த இரண்டு பேனாக்கள்கூடப் பருமனில் மயிரிழை வேறுபடும். இவ்வேறுபாட்டை மறவாதிருங்கள், தாங்கி செய்யும் முறை இதன்மேல்தான் நிற்கிறது.

எபோனைட்டின் நல்ல காலம் நெடிது நீடிக்கவில்லை. 1920-களின் நடுவில் பன்னிறச் செல்லுலாய்டு பேனாவுக்கு வந்தது. பின் அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக்குகள் வந்தன. 1945-க்குப்பின் குண்டுமுனைப் பேனா கடைகளை நிறைத்தது. ஒரு பேனாவைக் கடையும் நேரத்தில் அச்சு எந்திரம் நூற்றுக்கணக்கில் உமிழும். கடைசல்காரர் பலர் தொழிலை விட்டனர். எஞ்சிய சிலரைக் காத்தவர்கள் உலகெங்குமுள்ள பேனாப் பிரியர்கள். அவர்களுக்குப் பேனா எழுதும் கருவி மட்டுமன்று, பார்த்து மகிழவும் காட்டி மகிழவும் உரிய பொருள். தாங்கிக்கு இக்காலத்தில் மறுபடியும் மதிப்பு வந்தது இவ்வழியே.

விறகாய்ப் போன மரம்

ரப்பர் மரம் ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகள் பால் தரும். பின் அதை வெட்டிவிட்டு மறுநடவு செய்வர். வெட்டிய மரம் என்னவாயிற்று? நெடுங்காலம் அது விறகு. ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தும் கூடத்துக்கும், செங்கற் சூளைக்கும், லயத்து அடுப்புக்கும் அது எரிபொருளாயிற்று. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய தாயைக் கடைசியில் அடுப்பில் வைத்தது போன்றதே இது. ஆனால் இதில் எவருடைய வன்மமும் இல்லை. மரத்தின் இயல்பு அப்படி இருந்தது. ரப்பர் மரத்து உடலில் மாவும் சர்க்கரையும் மிகுதி. வெட்டிப் போட்ட சில நாட்களிலேயே நீலப் பூசணம் பிடிக்கும்; மரத்தைத் துளைத்து மாவாக்கும் வண்டு குடியேறும்; உளுத்துப்போகும். அதனால் தச்சர் அதனைத் தொடவில்லை.

இயல்பை அறிவு வென்றது. வெட்டிய மரத்தைத் தாமதியாமல் பலகையாய் அறுத்து, அழுத்தக் கலத்துள் வைத்து, வெங்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரை அதன் நாடிவரை ஏற்றி, உடனே சூளையில் உலர்த்தினால் பூசணமும் வண்டும் அணுகா. கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சிக் கழகமும் பிறரும் செய்த ஆராய்ச்சியின் பயனாக 1980-களில் ரப்பர் மரம் மேசை நாற்காலித் தொழிலின் முதன்மை மரமாயிற்று. நம் ஜொகூர் மாநிலத்து மூவார் நகரம் இத்தொழிலின் தலைநகர். நாட்டின் மரச்சாமான் ஏற்றுமதியில் பெரும்பங்கு அங்கிருந்து போகிறது. வெளிநாட்டார் இம்மரத்தை மலேசிய ஓக் என்று அழைத்து வாங்குகின்றனர்.

இதில் இன்னொன்று கவனிக்கத்தக்கது. பால் வெட்டிய நாளில் உளி ஆழ்ந்து காயப்பட்ட மரத்தின் அடிப்பகுதி, பலகையாகும்போது குறைபட்டுத் தோன்றும். கை பதமாய் வெட்டிய மரம் நல்ல பலகை தரும். ஆகவே பாட்டி பால் வெட்டிய பதம், அவள் காணாத ஒரு பலகையின் தரத்தையும் நிர்ணயித்தது. கூலி கணக்கிடுகையில் இதற்கு ஒரு கட்டம் இருந்ததில்லை.

தாங்கி செய்யும் முறை

இனி இம்மரத்தைக்கொண்டு கைப்பேனாவுக்குத் தாங்கி செய்வது எப்படி என்பதைக் காண்போம். ரப்பர் மரம் வெளிர்மஞ்சள் நிறமானது. கன மீட்டருக்கு ஏறத்தாழ 600 கிலோ எடையுள்ளது. மிக இறுகியதும் அன்று, மென்மையானதும் அன்று. நீண்ட பலகை அரிது. குட்டைத் துண்டுகளே மிகுதி. பெரிய சாமான் செய்வோர்க்கு இது குறை. அவர்கள் துண்டுகளை விரல் கோத்தாற்போல் ஒட்டி நீளம் செய்கின்றனர். பேனாத் தாங்கிக்கோ ஒரு சாண் துண்டு போதும். பிறர் கழித்த துண்டே நமக்கு மூலப்பொருள்.

தாங்கி மூவகை. பேனாவை நிறுத்தி வைப்பது, சாய்த்து வைப்பது, கிடத்தி வைப்பது. கடைக்காரர் பெரும்பாலும் நிறுத்தி வைக்க வட்டத் துளையிட்ட கட்டையைப் பயன்படுத்துவர். அச்சில் வார்த்த பேனா ஒவ்வொன்றும் ஒரே பருமன் ஆகையால் வட்டத் துளை அதற்குப் பொருந்தும். கைப்பேனாவுக்கு அது பொருந்தாது. ஒரு பேனாவுக்கு இறுகும் துளையில் மறு பேனா ஆடும். இறுகிய பேனாவின் மெருகு தேயும். இதற்கு மாற்று, இரண்டு சரிவுகள் செங்கோணத்தில் கூடும் பள்ளம். 12 மில்லிமீட்டர் பருமனுள்ள பேனாவும் 18 மில்லிமீட்டர் பருமனுள்ள பேனாவும் அப்பள்ளத்தில் இரு புறமும் சமமாய்த் தொட்டு, உருளாமல் கிடக்கும். எல்லாரையும் ஒரே அளவுக்கு நறுக்கக் கேட்பது வட்டத் துளை. வந்தவரை வந்த அளவில் ஏற்பது இப்பள்ளம். தாங்கியை வரையுமுன் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

அப்பள்ளம் வெட்டிய இரு குறுக்குப் பலகைகளை அடிப்பலகைமேல் நிறுத்துக. பேனாவின் நீளம் 14 அல்லது 15 சென்டிமீட்டர் ஆகையால் பலகைகளுக்கு இடையே 8 சென்டிமீட்டர் போதும். பின்பலகையை முன்பலகையினும் சற்றே உயர்த்துக. நிப்புப் பக்கம் மேலே இருந்தால் மை மூடிக்குள் இறங்காது, பார்ப்போர்க்கும் முகம் தெரியும். குறுக்குப் பலகையில் மரத்தின் நார் பள்ளத்தின் ஓரங்களுக்கு நெடுகப் போகாமல் குறுக்கே போனால், மெல்லிய விளிம்பு உடைந்துவிடும். நார் ஓடும் திசையைப் பார்த்தே அறுக்க வேண்டும். அடிப்பலகை கனமாய் இருத்தல் வேண்டும். பூனை தட்டினால் கவிழும் தாங்கி தாங்கியாகாது.

நம் ஊர்க் காற்றில் ஈரம் மிகுதி. மரம் ஈரத்தில் அகலும், வறட்சியில் சுருங்கும். பல துண்டுகளை ஒட்டியும் ஆணியடித்தும் செய்த தாங்கி சில ஆண்டில் வாய் பிளக்கும். நம் மலாய் அண்டை வீட்டார் திருக்குர்ஆன் வைத்து ஓதும் ரெஹால் என்னும் மடக்குப் பலகையைக் கண்டிருப்பீர்கள். நல்ல ரெஹால் ஒரே பலகையில் வெட்டப்படுவது; ஒட்டில்லை, ஆணியில்லை; பலகையின் நடுவிலேயே பல்லோடு பல் கோத்த கீல் செதுக்கப்பட்டிருக்கும். விரித்தால் தாங்கி, மடித்தால் பலகை. பேனாத் தாங்கிக்கும் இது தக்க பாடம்.

எபோனைட்டுக்கு இரண்டு பகைகள் உண்டு: வெயிலும் ஈரமும். இவை கூடினால் கறுத்த எபோனைட்டு பழுப்பேறிப் பச்சை பாயும். உள்ளிருக்கும் கந்தகம் புறம் வரும். ஆதலின் தாங்கியைப் பலகணி ஓரத்தில் வைத்தல் தகாது. எபோனைட்டிலிருந்து எழும் கந்தக ஆவி வெள்ளியைக் கறுக்கச் செய்யும். வெள்ளிப் பேனாவையும் எபோனைட்டுப் பேனாவையும் ஒரே மூடிய கண்ணாடிப் பெட்டியில் வைப்பது பிழை. பள்ளத்தின் அடியில் விரிக்கக் கம்பளித் துணியை விடப் பருத்தித் துணி நன்று. கம்பளியிலும் கந்தகம் உண்டு. நெடுநாள் எழுதாத பேனாவை மை வடித்துக் கழுவி உலர்த்தி வைப்பதே அதற்குச் செய்யும் மரியாதை.

பேனா பிடித்த கை

நிற்க. தாங்கியில் பேனா ஏறிற்று. அதைப் பிடித்தவர் யார்?

தோட்டத்தில் பேனா கிராணியின் கையில் இருந்தது. கிராணிகளில் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் ஆங்கிலம் படித்த பிறரும் மிகுதி. செக்ரோல் என்னும் பெயர்ப்பதிவேட்டில் நாளுக்கொரு கோடு போட்டவர் அவர். அக்கோடு விழுந்தால் அன்றைக்குக் கூலி உண்டு, விழாவிட்டால் இல்லை. பால் வெட்டியவர் சம்பள நாளில் வந்து பெருவிரலை மையில் தோய்த்துப் பதித்துவிட்டுப் போனார். முன்னே சொன்ன ஏட்டுக்காரனின் பெருவிரலையும் இப்பெருவிரலையும் ஒருங்கே எண்ணிப் பாருங்கள். ஒருவன் பெருவிரல் எழுத்தாணிக்குத் தாங்கி. மற்றவன் பெருவிரலே அவனுக்கு எழுத்தாணி. இவ்விரண்டு விரல்களுக்கும் இடையிலிருந்த தொலைவே நம் சமூகத்தின் சரித்திரம்.

அத்தொலைவு குறையத் தொடங்கியது எளிதில் அன்று. கூட்டு மலாய் நாடுகளில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. பல பள்ளிகள் கொட்டகையில் நடந்தன. கங்காணியோ கிராணியோ ஆசிரியராய் அமர்ந்த இடங்களும் உண்டு. ஆயினும் அங்கே பலகையில் எழுதிய பிள்ளைகள் வளர்ந்து, பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினர், கதை எழுதினர், தொழிற்சங்கத்துக்கு மனு எழுதினர். மலேசியத் தமிழ் இலக்கியத்தின் பெரும்பகுதி இந்த வழியில் வந்த கைகளால் எழுதப்பட்டதே.

நம்மவர் ஆண்டுக்கு ஒருமுறை பேனாவையும் புத்தகத்தையும் படத்தின் முன் வைத்துப் பொட்டிட்டு வணங்குகின்றனர். அன்று அதை எடுத்து எழுதலாகாது என்பாரும் உளர். அவரவர் நம்பிக்கை அவரவர்க்கு. ஆனால் எழுதாத நாளில்தான் பேனா மதிப்புப் பெறும் என்னும் எண்ணம் நம்முள் எப்படி வந்தது என்று சிந்திக்கலாகாதா? நாம் செய்யும் தாங்கி பீடமாகிவிடக் கூடாது. கை நீட்டினால் பேனா வரவேண்டும். எழுதி முடித்தால் திரும்பிப் போக இடம் வேண்டும். அவ்வளவே அதன் வேலை.

பண்டார் தெங்காரா வட்டாரத்தில் இவற்றையெல்லாம் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 1972-இல் அமைக்கப்பட்ட தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம் காடு திருத்தி எழுப்பிய ஊர்களுள் இதுவும் ஒன்று. சுற்றிலும் செம்பனை. செம்பனைத் தண்டில் ரப்பர் மரத்தைப் போன்ற உறுதியான பலகை எளிதில் கிட்டாது. அது நாரும் ஈரமும் நிறைந்த மென்தண்டு. உலக ரப்பர் உற்பத்தியில் 1990-ஐ ஒட்டி வரை முதலிடத்தில் நின்ற நாட்டில், இங்கே வளரும் தமிழ்ப் பிள்ளை பால்மரத்தைக் காணாமலே பெரியவனாகலாம். கணக்கெழுதும் எம் தொழிலோரும் இன்று விசைப்பலகையைத் தட்டுகின்றனர். பழைய பதிவேடுகள் கறையானுக்குப் போகின்றன. பழைய பேனாக்கள் மேசை அறையின் மூலையில் மை காய்ந்து கிடக்கின்றன. பதிவேடு போனால் பெயரும் போகும். நம் பாட்டியர் பலரின் பெயர், ஆங்கில எழுத்தில் குறுகியும் திரிந்தும் அப்பதிவேடுகளில் மட்டுமே இருக்கிறது.

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். தமிழ்ப்பள்ளிகளில் மரவேலை தெரிந்த ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து ரப்பர் மரத்துண்டில் ஒரு தாங்கி செய்யட்டும். அதில் மூன்று பள்ளங்கள் இருக்கட்டும்: ஓர் எழுத்தாணி, எஃகு நிப்புப் பொருத்திய ஒரு பேனாக் கட்டை, கையால் கடைந்த ஓர் எபோனைட்டுப் பேனா. பக்கத்தில் ஒரு தடித்த நோட்டுப்புத்தகம் இருக்கட்டும். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் கேட்டுவந்து, தன் குடும்பத்தில் முதலில் கப்பலேறி வந்தவர் பெயரையும், அவர் வேலைசெய்த தோட்டத்தின் பெயரையும், அந்த எபோனைட்டுப் பேனாவால் தமிழில் எழுதி, பேனாவைத் துடைத்து, மறுபடியும் பள்ளத்தில் வைக்கட்டும். பாலும் மரமும் தந்தவரின் பெயர் அப்பேனாவால் எழுதப்படுவதே முறை.